இடம் இல்லன்னா?

ஜூன் 24, செவ்வாய்

மஞ்சக்குப்பத்தில் பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆபீசில் ஏசி ரிப்பேர். இதில் சார் வேறு நச்சரிப்பு.

சிதம்பரத்தில் ஒரு டயாலிசிஸ் நிலையம். வெள்ளிக்கிழமை முதல் அங்கே நோயாளிகளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லப் போவது நாங்கள் செய்த ஏஐ ஏஜென்ட் என்னும் மென்பொருள். நேரம் பதிய, மாற்ற, ரத்து செய்ய என்று அதன் கையில் ஐந்து கருவிகள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன புரோகிராம். கருவிக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. நான் எழுதிக்கொடுக்கும் விளக்கத்தைப் படித்துத்தான் எதை எப்போது எடுப்பது என்று முடிவு செய்யும்.

‘நேரம் மாற்று’ கருவிக்கு நான்கு வரி எழுதியிருந்தேன். ராஜவேல் சார் பார்த்துவிட்டு, “என்னாமா வெண்மதி, கல்யாணப் பத்திரிகையா இது? ஒரே வரியில எழுது” என்றார். மூன்று வரியை எடுத்துவிட்டேன். ‘நோயாளியின் டயாலிசிஸ் நேரத்தை மாற்றும்.’ முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

நிலையத்தின் கவுண்டரில் இருக்கும் பிரிசில்லாவுக்குப் போனில் எல்லாம் விளக்கினேன். என் வயதுதான் இருக்கும். கேள்விக்கு மேல் கேள்வி. “செவ்வாக்கெழம தேரு. நாலு வீதியும் அடச்சிடுவாங்க. காலையில வர்றவங்க சாயங்காலத்துக்கு மாத்திக் குடுன்னுவாங்க. இடம் இல்லன்னா அது என்னா பண்ணும் மேடம்?”

“அதெல்லாம் அதுக்குத் தெரியும்” என்றேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

ஏஜென்ட் இதுவரை அறுபத்து மூன்று பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறது. சார் கேக் வாங்கிவந்தார்.

ஜூலை 3, வியாழன்

கோணல் மாணலாக எழுதுகிறேன்.

சின்னையன் என்று ஒரு பெரியவர். செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணி அவருடைய நேரம். தேருக்காக இந்தச் செவ்வாயை மட்டும் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லி ஏஜென்டிடம் கேட்டிருக்கிறார். சாயங்காலம் இடமில்லை என்று பதில் வந்தது. சரி, பழைய நேரத்துக்கே போவோம் என்று விடிகாலையில் நடந்தே வந்திருக்கிறார். அவருடைய இடத்தில் வேறொருவர் படுத்திருந்தார். கவுண்டர் கம்ப்யூட்டர் திரையில் இவர் பெயரே இல்லை. எல்லா மெஷினும் நிறைந்துவிட்டதால் பிரிசில்லா வெள்ளிக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். இன்று காலை மூச்சு முட்டி, ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள்.

நிலையத்து டாக்டர் பிரிசில்லாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். “தெனம் பாக்குற மொகம், ஒரு வார்த்த விசாரிக்க வேணாமா?” என்றாராம். இதைச் சொல்லும்போது ராஜவேல் சார் முகத்தில் நிம்மதி.

‘நேரம் மாற்று’ முதலில் பழைய இடத்தை விட்டுவிடும். பிறகுதான் புதியதைத் தேடும். கருவியைச் செய்த எங்கள் ஆபீஸ் எழிலன் அதைக் கொடுத்த அன்றே என்னிடம் சொன்னான். நானும் எழுதியிருந்தேன். நீக்கிய மூன்று வரியில் ஒன்று அதுதான். ஏஜென்ட் என்ன செய்யும்? மாற்றும் என்று சொன்னேன்; மாற்றப் போனது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஜூலை 4, வெள்ளி

தப்பு நம்முடையது, டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று சாரிடம் சொன்னேன். “நீ வாயத் தொறக்காத. இந்த ஒரு கிளையன்ட்தான் நமக்கு. போச்சுன்னா கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான். அந்தப் பொண்ணுக்கு வேற எங்கனா கெடைக்கும்.”

எழிலன் தலையை நிமிர்த்தவே இல்லை.

எனக்கு வேறெங்காவது கிடைக்குமா? சென்னைக்குப் போக மாட்டேன் என்று வீம்பு பிடித்து இந்த ஊரிலேயே தேடிக்கொண்ட வேலை. பயமாக இருக்கிறது. ஆனா நான் எடுத்த வரிக்கு அவ ஏன் போவணும்? அவ கேட்டாளே — கேட்டாளே அன்னைக்கே.

ஜூலை 5, சனி

சாரிடம் சொல்லாமல் சிதம்பரம் பஸ் ஏறினேன். பழைய நான்கு வரியையும் மிஞ்சிய ஒரு வரியையும் ஒரே தாளில் டாக்டர் முன்னால் வைத்தேன். எடுத்தது நான் என்றேன். பிரிசில்லா முன்பே கேட்டதையும், நான் தட்டிக்கழித்ததையும் சொன்னேன்.

இரண்டு முறை படித்தார். “இது எனக்கே புரியுதே. ஏம்மா எடுத்தீங்க?”

நீளமாக இருந்தது என்று எப்படிச் சொல்வது?

சின்னையன் ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்துவிட்டாராம். வெளியே வந்து ஆட்டோ ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

ஜூலை 7, திங்கள்

‘நேரம் மாற்று’ நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. சார் என்னோடு பேசவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

என் மேசை இன்னும் இருக்கிறது. டாக்டர் ஏஜென்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். எந்த விளக்கமும் பிரிசில்லா சரி என்ற பிறகுதான் உள்ளே போக வேண்டும். அவள் நேற்று வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

இன்று காலை ஆறு மணிக்கே போன். ‘மேடம்’ என்ற அழைப்பும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. “அந்த மாத்துறது. படிங்க.”

‘நேரம் மாற்று’ முதல் வரியைப் படித்தேன். பின்னால் மெஷின்களின் சத்தம் கேட்டது.

“இடம் இல்லன்னா?”

“‘புதிய இடம் இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் இந்தக் கருவியைத் தொடாதே. பழைய நேரம் அப்படியே இருக்கிறது என்று நோயாளியிடம் சொல்.’”

போனைத் தள்ளிப் பிடித்து யாரிடமோ சொன்னாள். “சின்னையன் ஐயா, ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? ஒங்க எடம் ஒங்களுதுதான். போய்ப் படுங்க.”

என்னிடம், “ம். அடுத்தது படிங்க” என்றாள்.