அத்தை ஒத்துக்கொண்டது எதனால்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், உன் அத்தையும் சுகம், அவள் சுகம் என்று என் கையால் எழுத நாற்பத்தோரு வருஷம் ஆகியிருக்கிறது பார்த்துக்கொள். நீயும் மருமகளும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். போன கடிதத்தில் குளிர் தாங்காமல் சன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைத்துவிட்டேன், கேஸ் ஹீட்டர் போட்டால் கதகதப்பாக இருக்கிறது என்று பெருமையாக எழுதியிருந்தாய். இப்போதே எழுந்துபோய் அந்த டேப்பைக் கிழித்துவிட்டு வா. கிழித்தாயா, சரி, இனி மேலே படி.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மாடியில் அத்தை வீட்டுக்குப் போனேன். ஒரு மாதமாகவே அவளுக்குத் தலைவலி, குமட்டல், கை கால் ஓய்ச்சல், ஆனால் காய்ச்சல் இல்லை, கடைத்தெருவுக்குப் போய்வந்தால் தெளிந்துவிடுகிறதாம். எனக்கும் அங்கே அரை மணி உட்கார்ந்தால் தலை விண்விண் என்று தெறிக்கும், அவள் எதிரில் உட்கார்ந்தால் எனக்கு எப்போதும் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன். அன்றைக்குப் போர்வை துவைக்க வாளி வாளியாக வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தாள், குளியலறையில் கேஸ் கீசர் எரிந்துகொண்டே இருந்தது. நான் குடைப் பேச்சை எடுத்தேன். என் கல்யாணமான இரண்டாம் மாதம் என் நீலக் குடையை இரவல் வாங்கிப்போய்க் கம்பியை முறித்துக் கொண்டுவந்து, முன்னாடியே அப்படித்தான் இருந்தது என்று சாதித்தாளே, அது. கீழே தையல்காரர் காதில் விழக்கூடாது என்று வழக்கம்போல எழுந்து சன்னலையெல்லாம் சாத்தினாள். நானும் முக்கால் மணி நேரம் விடாமல் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, ஆமா அண்ணி, நான்தான் உடைச்சேன், தப்புதான் என்றாள்.

இது அவள் பேச்சே இல்லை, இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று, ஜெயித்த சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க முடியவில்லை. எழுந்திருடி என்றேன், எழுந்தாள், கால் துணி மாதிரி மடிந்தது. என் காலும் என் பேச்சைக் கேட்கவில்லை. எப்படியோ கதவைத் திறந்து, அவளைத் தரதரவென்று மாடிப்படி வரைக்கும் இழுத்துவந்து கத்தினேன். தையல்காரர் ஓடிவந்து தூக்கினார். தூக்கும்போதே, குடை விஷயமாம்மா என்று கேட்கிறார். அப்படியானால் இத்தனை வருஷம் சன்னலைச் சாத்தினது எதற்கு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கார்பன் மோனாக்சைடு என்று தாளில் எழுதிக் கொடுத்தாள், அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நிறமும் இல்லையாம் வாசனையும் இல்லையாம். கீசரின் புகைக்குழாயில் குருவி கூடு கட்டி அடைத்து, புகையெல்லாம் வீட்டுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காருகிற இடத்தில் இது முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும், லேசில் எழுந்திருக்காது, புரியுதா பாட்டி என்றாள். நாலு நாள் இருந்துட்டுப் போறேன்னு வந்து ஆறு வருஷம் என் வீட்டில் உட்கார்ந்தவளைத்தானே இங்கே படுக்க வைத்திருக்கிறீர்கள், எனக்கா புரியாது என்றேன். மூளைக்கு ஆக்சிஜன் எட்டாமல் பேச்சு குழறும், அறிவு தடுமாறும், இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் தூங்கினபடியே போயிருப்பாங்க என்றாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், இதை அத்தைக்கு எழுதிவிடாதே. மணிக்கணக்கில் அவளுக்கு ஆக்சிஜன் மாஸ்க் வைத்திருந்தார்கள். கழற்றினதும் அவள் முதல் வார்த்தை, மயக்கத்தில் சொன்னது செல்லாது அண்ணி என்பதுதான். டாக்டரம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். அவளையும் நான் மறக்க மாட்டேன்.

உன் ஹீட்டரை ஆள் வைத்துப் பார். ஷெட்டை மூடிக்கொண்டு காரை ஓடவிடாதே, ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள் வைக்காதே, எல்லாம் இதைத்தான் கக்குமாம். இதற்கென்றே கத்துகிற அலாரம் விற்கிறதாம், வாங்கிப் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு எனக்கு எழுது. குழாய் சரியாகிற வரைக்கும் அத்தை உன் அறையில்தான். சன்னலைத் திறந்து வைத்தால் குளிருகிறதாம், கட்டில் ஆடுகிறதாம், என் சமையலில் உப்பே இல்லையாம். சொல்லட்டும். ரெண்டு நிமிஷம் சத்தம் வராவிட்டால் நானே போய் ஏதாவது வம்பு இழுத்துவிட்டு வருகிறேன். மூன்று பேரும் நூறு வயசு இருங்கள். பக்கத்து அறையில் சத்தத்தைக் காணோம், நான் போக வேண்டும்.

உன் அம்மா