பூஜைத் தட்டில் இருந்த சோதனை விளக்கு

சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
யுவ வருஷம் ஐப்பசி மாதம் 3ஆம் தேதி

சிங்கப்பூரில் வயரிங் வேலை பழகும் என் மகன் சிரஞ்சீவி சபாபதிக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். தம்புசாமி மாமா சுகமாக இருக்கிறார் என்று மட்டும் எழுதக் கை வரவில்லை. அப்பா இருமல் குறைந்து மறுபடி ரயில்வே பட்டறைக்குப் போகிறார், தங்கச்சி கோலம் போடப் பழகிவிட்டாள். நல்ல சேதி அவ்வளவுதான். மீதி கோபத்தில் எழுதுவது, பாதியில் மடித்து வைக்காமல் படி.

அப்பாவுக்கு நீ போட்ட கடிதத்தை நானும் படித்தேன். தம்புசாமி மாமா ஈரக் கையோடு தொட்டிருப்பார், அதற்கு நான் என்ன செய்வேன் என்று எழுதியிருக்கிறாய். எப்படியடா மனசு வந்தது? இருபது வருஷமாகக் கோயிலுக்குத் தண்ணீர் எடுப்பவர் கை ஈரமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? பூஜைக்கு ஊர் வந்த நீ விஜயதசமியன்று காலை மெயில் ரயிலுக்குப் போன ஒரு மணி நேரத்தில், கோயிலில் அபிஷேகம் முடிந்து, முந்தின நாள் நீ பல்பு மாட்டிய பித்தளைத் தொங்குவிளக்கைத் துடைக்கப் போனார். சங்கிலி அவர் கையைப் பிடித்துக்கொண்டது. கத்தக்கூட முடியவில்லை. கோயில் காரியம் பார்க்கும் பழனியப்பன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்ததால் உயிர் தங்கியது. வலது கையில் மூன்று விரல் வெந்து, இன்னும் மடங்கவில்லை. நேற்று அவர் சம்சாரம் தனலெட்சுமி வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து சொல்கிறாள், "உங்க பையன் படிச்ச பையனாச்சேக்கா, அவன் செஞ்ச வேலையில தப்பு வருமா, இந்த மனுசன்தான் ஈரக் கையோட தொட்டிருப்பாரு" என்று. நீ எழுதிய அதே வார்த்தை. அவள் உன்னை நம்பிச் சொன்னாள், நீ தப்பிக்கச் சொன்னாய். அவளுக்குக் காப்பி கலந்து கொடுக்க எனக்குக் கை ஓடவில்லை.

பழகுகிற பையனிடம் ஏன் இந்த வேலையைக் கொடுத்தீர்கள் என்று பழனியப்பனைச் சத்தம் போட்டேன். அவர், "தம்பிதான் பரீட்சை பாஸ் பண்ணிட்டேன்னு சொல்லுச்சுக்கா, நம்ம பையன் சொல்றப்ப காகிதத்தைக் காட்டுன்னா கேக்குறது?" என்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. உன் கடிதங்களையெல்லாம் தேதிவாரியாகக் கம்பியில் கோத்து வைத்திருக்கிறேன். பரீட்சை தை மாதம், அதற்கு முன் வாத்தியார் பக்கத்தில் இல்லாமல் கரண்டு உள்ள வயரைத் தொடக்கூடாது என்று ஆடியில் நீயே எழுதியது என் முன்னால் இருக்கிறது. நாலு பேர் "வயர்மேன் தம்பி" என்று கூப்பிட்டதும் அதெல்லாம் மறந்து போயிற்றா?

பங்சார் பவர் ஹவுசில் வேலை செய்யும் ஒரு வயர்மேனை அழைத்து வந்து பார்த்தோம். கத்தியால் வயரின் தோலைச் சீவிய இடத்தில் வெட்டு விழுந்து, உள்ளே இருக்கிற செம்பு சங்கிலியில் உரசிக்கொண்டு இருந்திருக்கிறது. "சோதனை விளக்கை ஒரு தடவை வச்சுப் பாத்திருந்தா சங்கிலியில கரண்டு இருக்குன்னு எரிஞ்சு காட்டியிருக்கும்மா, ஒரு நிமிச வேலை, ஏன் வைக்கல?" என்று என்னைக் கேட்டார். ஏன் வைக்கவில்லை என்று அப்போது உனக்கும் எனக்கும்தான் தெரியும். அன்று ஆயுத பூஜை. உன் குறடு, திருப்புளி, சோதனை விளக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துத் தட்டில் இருந்தன. சாயங்காலம் நீ எடுக்க வந்தபோது, மறுநாள் காலை மறுபூஜை ஆகாமல் தொடாதே என்று தடுத்தவள் நான். அடுப்படிக் கத்தியை எடுத்துக் கொடுத்தவளும் நான். என் பங்கை அம்மன் முன்னால் விழுந்து சொன்னேன், தனலெட்சுமியிடமும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் எனக்கு மின்சாரம் தெரியாது, உனக்குத் தெரியும். "அப்படின்னா இன்னிக்கு விளக்கு வேணாம்மா" என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்க வேண்டாமா? அம்மன் இத்தனை வருஷம் எண்ணெய் விளக்கில்தானே இருந்தாள், இன்னும் ஒரு நாள் இருக்கமாட்டாளா?

ரயிலில் வேலை பார்க்கும் நாகையா கையில் அந்த வெட்டுப்பட்ட வயரை மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன். அதை உன் வாத்தியார் மேஜையில் வைத்து, நடந்ததை உன் வாயால் சொல். இந்த வருஷம் பரீட்சைக்கு அனுப்பமாட்டேன் என்றால் இன்னொரு வருஷம் இருந்து பழகு. தம்புசாமி மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, அவருக்குப் படிக்கத் தெரியாது, நானே போய்ப் படித்துக் காட்டுகிறேன், ஆகையால் மழுப்பாமல் எழுது. இந்த இரண்டும் செய்யாமல் சர்டிபிகேட்டோடு நீ வந்தால் நான் கதவு திறக்கமாட்டேன்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. வேலை செய்யும்போது காலில் காய்ந்த செருப்பு இருக்கட்டும். அம்மன் உனக்குப் புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும், உன் கையால் யாருக்கும் தீங்கு வராமல் காக்கட்டும்.

ஒன்று மறக்காதே. அடுத்த ஆயுத பூஜைக்கு எதை வேண்டுமானாலும் தட்டில் வை, சோதனை விளக்கை மட்டும் பையிலேயே வைத்துக்கொள். அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன்மேல் கோபம் ஆறாத தாய்
பவுனம்மாள்