திரும்பி வரும் ரயிலுக்கான தாள்

நவம்பர் 12, புதன்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. அப்பா மட்டும் வயலுக்கு.

திரும்பி வரும் ரயிலுக்கான தாள் முடிந்தது. போகும் ரயிலுக்கு மூன்று வாரம் பிடித்தது, இதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அதே வரிசையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு நேரங்களை மட்டும் புதிதாகப் போட்டேன். இடதுபக்கம் வேகம். அடுத்து கிலோமீட்டர், ஊர், வந்து சேரும் நேரம், புறப்படும் நேரம். ஜெர்மனியில் டிரைவர் முன்னால் இருக்கும் தாள் மாதிரியே. கணினி விளையாட்டு ரயில்தான், ஆனாலும் அப்படி இருந்தால்தான் அதை ஆடும் ஜெர்மன் குழுவில் ஒப்புக்கொள்வார்கள்.

குழுத் தலைவர் உவேக்கு அனுப்பியாயிற்று. ஞாயிறு மதியம் அவரே ஓட்டுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். அவருடைய பதில், போன் தமிழாக்கியபடி: "இது நன்றாக ஓடினால் நீங்கள் எங்கள் அட்டவணைக்காரர். இல்லாவிடில் வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கும்."

திரும்பத் திரும்பப் படித்தேன்.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து போன். கணினி அவனுடையது, விளையாட்டும் அவன் வாங்கியதுதான். "நம்மூருக்கு ரயிலு எப்ப வரும்னு கேட்டா முழிப்பா. ஜெர்மன்காரனுக்கு டயம் போட்டுக் குடுக்குறாளாம்!" ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அம்மாவும் சிரித்தது.

நவம்பர் 14, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. தலைக்குக் குளித்தேன்.

உவே இரண்டு தாள்களையும் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். நிறைய கட்டைவிரல். ஒருவர், "இவர் ஏன் மைக்கில் வருவதே இல்லை?" என்று கேட்டிருந்தார். "இவர்" என்றால் நான். ஆண் என்றே நினைத்திருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. பிளஸ் ஒன் பாதியில் நின்றதே வகுப்பில் குரல் வராமல்தான். இங்கே டைப் செய்தால் போதும் என்பதால்தான் இவ்வளவு நாள் ஓடியது.

அரிசி ஊறப்போட மறந்தேன். திட்டு.

நவம்பர் 15, சனி

அம்மாவோடு தி.பூண்டிக்கு, யூரியா வாங்க. சம்பாவுக்கு இரண்டாவது உரம். கடையில் கூட்டம்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட். பள்ளிக்கூடம் வந்தது. போகும்போது "பள்ளி, மெதுவாகச் செல்லவும்" பலகையைப் படித்தேன், பள்ளிக்கு முன்னால் இருந்தது. இப்போது பள்ளியைத் தாண்டிய பிறகு அதே பலகையின் முதுகு தெரிந்தது. திரும்பும் பக்கத்துப் பலகை வேறு, அது பள்ளி வருவதற்கு முன்பே நின்றது. அதைப் பார்த்து டிரைவர் முன்பே மெதுவாக்கியிருந்தார்.

முன்சீட்டில் நெற்றியை வைத்துக் கணக்குப் போட்டேன்.

என் தாளில் வேகம் இடம் மாறவே இல்லை. போகும்போது கி.மீ. 12-ல் 60 தொடங்கி, 14-ல் மறுபடி 110. நடுவில் வளைவு. திரும்பும்போது 60 என்பது 14-லேயே வர வேண்டும். நான் புரட்டியதில் அது 12-லேயே நிற்கிறது. உவே 110-ல் வளைவுக்குள் போவார், ரயில் கவிழும். குழு புதிதாகப் போட்ட அந்தப் பாதையில் வேகப் பலகைகள் இன்னும் நடவில்லை. தாள்தான் எல்லாம். இது ஒரு இடத்தில் மட்டும் இல்லை. வேகம் மாறும் ஒவ்வொரு இடமும் தப்பு.

"என்னடி, பஸ்ஸு ஒத்துக்கலையா?" அம்மா.

"ஒன்னுமில்லம்மா."

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. கணினி கிடையாது. போனில் உவேக்கு எழுதினேன், போகவில்லை. மழை வலுத்துவிட்டது, டவர் செத்துவிட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

கரண்ட் வரவில்லை. மழை நிற்கவில்லை.

போனில் போகும் தாளின் படம் இருந்தது. அதை வைத்துப் பழைய காலண்டர் தாளின் பின்னால் திரும்பும் தாளைச் சரியாக எழுதினேன், ஒவ்வொரு வேகத்தையும் இடம் மாற்றி. மையில் மழை சொட்டி இரண்டு வரி கலைந்தது. மறுபடி எழுதினேன்.

வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் மதகுக்கட்டையில் ஏறி நின்றால் சிக்னல் கொஞ்சம் வரும். காலண்டர் தாளையும் எடுத்துக்கொண்டு குடையோடு போனேன். செய்தி போய்விட்டது, ஆனால் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஓட்டத்தில். போனில் குழு அழைப்பில் சேர்ந்தேன், உவேயின் திரை தெரிந்தது. போகும் ரயில் முடிந்து, பாராட்டெல்லாம் முடிந்து, திரும்பும் ரயில் கிளம்பியிருந்தது. என் தாள் திரையின் ஓரத்தில். கி.மீ. 19. உவே ஏதோ சொல்லிச் சிரித்தார்.

இன்னொரு செய்தி. பார்க்கவில்லை. இன்னொன்று. 17. வேகம் 110.

மைக் பட்டனில் விரலை வைத்தேன், எடுத்தேன். மறுபடி வைத்தேன். 16.

அழுத்திவிட்டேன். குரல் வரவில்லை. மழைச் சத்தம்தான் போயிருக்கும். யாரோ "ஹலோ?" என்றார்.

"உவே. ஸெஷ்ட்ஸிக்." அறுபது. அவர்கள் வாயில் கேட்டுக் கேட்டுப் பழகிய எண். பிறகு கத்தினேன். "ஸெஷ்ட்ஸிக்! பிரேக்! மை ஷீட் ராங்!"

உவே பிரேக் போட்டார், வேக முள் இறங்கியது. 100, 90. வளைவில் நுழையும்போது 63. பெட்டிகள் சாய்ந்து, நிமிர்ந்தன.

"ஹூ இஸ் திஸ்?" உவே.

பெயரைச் சொன்னேன். சொந்தப் பெயரை.

பிறகு உவே மெதுவான ஆங்கிலத்தில்: தாளை இனி நம்ப முடியாது, கடைசி ஸ்டேஷன் வரை நீயே படி.

படித்தேன். கிலோமீட்டர், வேகம், ஊர். காலண்டர் தாள் ஈரத்தில் துவண்டது. இரண்டு ஊர்ப் பெயர்களை நான் சொன்ன விதத்துக்குச் சிரித்தார்கள், ஒருவர் சரியாகச் சொல்லிக்கொடுத்தார். திருப்பிச் சொன்னேன். ரயில் நின்றபோது நாலு நிமிடம் தாமதம்.

"வெட்னஸ்டே, நியூ ஷீட்," என்றார் உவே. "நோ ஃப்ளிப்பிங்." புரட்டக்கூடாதாம், என் செய்தியைப் படித்திருக்கிறார். அதற்குப் பிறகு அடுத்த பாதையின் படத்தை எனக்கு அனுப்பினார்.

மைக்கை அணைக்கவில்லை என்பது பின்னால் அம்மா குரல் கேட்டபோதுதான் உறைத்தது. "ஏண்டி! உரமூட்ட நனையுது, மதகுல ஏறி நின்னு என்னடி ரேடியோ வாசிக்கிற!"

அது யார் என்று ஒருவர் கேட்டார்.

அம்மா, என்றேன்.