ஒரு ஆளுக்கான அளவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

வேலையிடத்து அக்காவும் நானும் சாப்பாட்டுக் கடை தொடங்கப்போவதாக எழுதியிருந்தேன் அல்லவா? வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கடை வரப்போகும் தெருவைப் பற்றிப் பொது நூலகத்தில் விசாரிக்கப் போனோம். நான்கு பேர் சாப்பிடும்படி வீட்டுக்கு ஒரு பெரிய டப்பா கொடுப்பது எங்கள் திட்டம். அதைக் கேட்ட நூலகர், "அந்தத் தெருவுல யார் யார் குடியிருக்காங்கன்னு பாத்தீங்களாம்மா?" என்றார். மக்கள்தொகைக் கணக்கைக் கணினியில் எடுத்துக் காட்டினார். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஒரே ஒரு ஆள்தான்.

"நல்லவேளை, இல்லன்னா மிச்சத்தையெல்லாம் நாமளே தின்னு தீத்திருக்கணும்" என்றார் அக்கா. நாங்கள் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர் முறைத்தார்.

நானும் அப்படி ஒரே ஆள் உள்ள வீட்டில்தான் இருக்கிறேன். ஆனாலும் எனக்கு அது தோன்றவே இல்லை. வீடு என்றதும் நம் வீட்டுப் பெரிய பாத்திரம்தான் மனதில் வந்திருக்கிறது.

கடை உண்டு, டப்பாதான் சின்னதாகிவிட்டது. அதனால் ஓர் உதவி. ஒரு ஆளுக்குப் பருப்பும் உப்பும் எவ்வளவு போட வேண்டும் என்று எழுது. நான் கண்ணளவில் போட்டால் எப்போதும் மிஞ்சிவிடுகிறது. நீயும் ஒரு ஆளுக்குச் சமைத்ததில்லை, தெரியும். ஒருநாள் சமைத்துப் பார்த்துச் சொல்லேன். அப்பாவைப் பட்டினி போட்டுவிடாதே.

இதையும் நூலகத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், விளக்கை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

உன் மகள்