டச்சிங்: வேண்டும் / வேண்டாம்

மார்ச் 3

மண்டலத் தீயணைப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் துறையின் பயிற்சிக் கூடச் சுவரில் மாட்டுவதற்காகத் தங்களைப் படம் எடுக்கும் வேலை எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்துள்ளது. மார்ச் 28, காலை பத்து மணிக்கு வரவும்.

முடி வெட்டுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே வெட்டிவிடவும். சீருடையை ஹேங்கரில் மாட்டி எடுத்து வந்து இங்கேயே மாற்றிக்கொள்ளலாம். போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்தால் முதுகு கசங்கிவிடும். தொப்பியை இரண்டு மணி நேரம் முன்பே கழற்றிவிடவும். நெற்றியில் அது போடும் கோடு லேசில் போகாது. முதல் நாள் இரவுப் பணி வேண்டாம். பசியோடும் வர வேண்டாம், பசி கண்ணில் தெரியும்.

இத்துடன் உள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும். கடைசி வரி முக்கியம்: 'டச்சிங்: வேண்டும் / வேண்டாம்.' முகத்தில் இருக்கும் பரு, வடு, சுருக்கத்தைப் படத்தில் அழித்துக் கொடுப்பதற்குப் பெயர்தான் டச்சிங். இரண்டில் ஒன்றை அடித்துவிடவும்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர்

பி.கு.: அக்கா, இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. உங்கள் அலுவலகம் பட்டியல் போட்டதில் என் ஸ்டுடியோ வந்துவிட்டது. உனக்கு வேண்டாம் என்றால் ஒதுங்கிக்கொள்கிறேன். வருவதாக இருந்தால் கவலைப்படாதே. உன் வலது தாடையில் இருக்கும் தழும்பு நிழலில் போகிற மாதிரி விளக்கை வைத்துக்கொள்கிறேன்.


மார்ச் 7

ஸ்டுடியோ உரிமையாளருக்கு,

'அலுவலர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து 'கவலைப்படாதே' என்று முடிக்க உலகத்தில் உன் ஒருவனால்தான் முடியும். நேற்று என் அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தாயாம். செய்யாதே. எதுவானாலும் எழுத்தில் வரட்டும். எழுத்து என்றால் பிறகு இல்லை என்று சொல்ல முடியாது.

முதலில் ஒரு திருத்தம். தழும்பு என் வலது தாடையில் இல்லை, இடது தாடையில் இருக்கிறது. கூடப் பிறந்தவளுக்கு எந்தப் பக்கம் என்று கூடத் தெரியாத நீ, ஊரில் பெரிய போட்டோகிராபர்! நன்றாக இருக்கிறது.

வேறு ஆளைப் போடச் சொல்லி அலுவலகத்துக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. பதினேழு வருடம் முன்னால் என் முகத்தை நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை என்ன செய்யப் போகிறாய் என்று பார்க்க வேண்டும்.

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. வெளிநாட்டில் இருந்தவரும் நானும் ஒரு வருடம் கடிதத்திலேயே பேசிப் பழகி, கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டோம். அவர் ஒரு படம் கேட்டார். நீ ஸ்டுடியோவில் தொழில் பழகிக்கொண்டிருந்தாய். "நானே எடுத்து, நானே போஸ்ட் பண்ணிடறேன்க்கா" என்றாய். அனுப்பிய படத்தை நான் பார்க்கவே இல்லை. விமான நிலையத்தில் அவர் எதிரே போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன். மறுபடியும் தாண்டிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து உன் படத்தை எடுத்து, என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். அதில் இருந்தவளுக்குத் தழும்பே இல்லை. "இது நீங்கதானா?" என்றுதான் முதலில் கேட்டார். அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

அடுத்த மாதம் தீயணைப்புத் துறைக்கு விண்ணப்பம் போட்டேன். அங்கே படம் பார்த்து ஆள் எடுப்பதில்லை, ஏணி ஏறச் சொல்லித்தான் எடுப்பார்கள்.

படிவம் இத்துடன் இருக்கிறது. உயரம், சீருடை, கண்ணாடி எல்லாம் நிரப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மண்டலத் தீயணைப்பு அலுவலர்


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டியாவது எழுதினாயே, அது போதும். அம்மா இறந்த அன்று கூட என்னிடம் இரண்டு வார்த்தைதான் பேசினாய். அதில் ஒன்று "தள்ளு".

இடது, வலது விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. நாள் முழுக்க "உங்க இடது பக்கம் திரும்புங்க சார், என் இடது இல்ல, உங்க இடது" என்று சொல்லியே தொண்டை கட்டுகிற தொழில் இது. இருபது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் நான் இந்தத் தப்பைச் செய்ததில்லை.

அந்தப் படத்தைப் பற்றி என்ன சொல்ல? உனக்கு நல்லது செய்வதாக நினைத்தேன். சின்னப் பையன் புத்தி. மன்னித்துவிடு.

படிவத்தில் கடைசி வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறாய். மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா? அது இல்லாமல் என்னால் வேலையை ஆரம்பிக்க முடியாது.

இன்னொரு விஷயம். உங்கள் துறையின் விளம்பர அதிகாரி கூப்பிட்டார். "தழும்பு பளிச்சுன்னு தெரியணுங்க. தேவைப்பட்டா கொஞ்சம் அழுத்தமாவே காட்டுங்க. புதுசா வர்ற பசங்க அதைப் பார்த்துத்தான் வீரம் கத்துக்கணும்" என்றார். படத்துக்குக் கீழே 'தீயின் நடுவே பெற்ற தழும்பு' என்று பித்தளைத் தகட்டில் எழுதப் போகிறார்களாம்.

எந்தத் தீ, அக்கா?

அன்புடன்,
தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

எந்தத் தீ என்று கேட்கிறாயா? யார் வேண்டுமானாலும் கேட்கலாம், நீ கேட்கலாமா?

சொல்கிறேன், கேட்டுக்கொள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பஞ்சுக் கிடங்கு எரிந்தது. உள்ளே போய் இரண்டு பேரை இழுத்து வந்தேன். முகமெல்லாம் கரி. கழுவிவிட்டு வந்தபோது யாரோ தழும்பைப் பார்த்து, "ஐயோ, காயம் பட்டிருக்கே" என்றார்கள். பழசு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மறுநாள் அது நிலையம் முழுக்கப் பரவியிருந்தது. அதுவரை "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் எழுந்து நின்று வழிவிட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் சிரித்தேன், அவ்வளவுதான். பதினாறு வருடமாகச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். வாய் வலிக்கிறது.

அது என் தப்பு. என் தப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு பொய் உண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. "படியில விழுந்துட்டேம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். அதை யாருக்காகச் சொன்னேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். அம்மா கடைசி வரைக்கும் அந்தப் படியைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். 'சின்னப் பையன் புத்தி', 'மன்னித்துவிடு' என்று பொத்தாம் பொதுவாக எழுதி என்னை ஏய்க்காதே. எதற்கு மன்னிப்பு?

நீயாக எழுத வேண்டும். 28-ஆம் தேதிக்குள் அது வராவிட்டால் நான் வரமாட்டேன். அந்தச் சுவரில் அவர்கள் வெறும் ஆணியை மாட்டிக்கொள்ளட்டும். அதோடு உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை.

அக்கா


மார்ச் 22

அக்கா,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

எறிந்தது நான்தான். ஜியாமெட்ரி பாக்ஸ். எனக்கு ஒன்பது வயது. உன் பழைய நோட்டைப் பார்த்து நான் கணக்கு எழுதியதை அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்றாய். சும்மா சீண்டினாய், அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் எறிந்தேன். மூடி திறந்து, அதன் தகர விளிம்பு உன் தாடையைக் கிழித்தது. பாவாடையைச் சுருட்டித் தாடையில் அழுத்திக்கொண்டு, "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன், நீ அழாதே" என்றாய். ரத்தம் உனக்கு, அழுகை எனக்கு.

அன்றிலிருந்து உன் முகத்தை நேராகப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தெரிவது அதுதான். அந்தப் படத்தை எடுத்த அன்று நெகட்டிவை விளக்குப் பெட்டியின் மேல் வைத்தேன். அங்கேயும் இருந்தது. பென்சில் நுனியால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழித்தேன். உனக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். உன் தழும்பையா அழித்தேன்? நான் செய்ததை அழித்தேன். அதில் உன் கல்யாணமும் சேர்ந்து அழிந்தது.

வலது, இடது குழப்பம் ஏன் வந்தது என்று இப்போது புரிகிறது. எதிரே நின்றவனுக்கு அது வலது பக்கம். டப்பாவை எறிந்துவிட்டு நின்ற இடத்திலேயே நான் இன்னும் நிற்கிறேன் போலிருக்கிறது.

நீ வந்தாலும் வராவிட்டாலும், எழுத்தில் கேட்டாய், எழுதிவிட்டேன்.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

கிடைத்தது. வருகிறேன்.

முடி வெட்டியாகிவிட்டது. சீருடை ஹேங்கரில் வரும். தொப்பி கையில் வரும். எட்டு மணிக்கே சாப்பிட்டுவிடுவேன். படம் எடுக்கிற நேரத்தில் பழைய பேச்சு எதுவும் வேண்டாம். அழுகையும் வேண்டாம். நீ அழுதால் நான் எழுந்து போய்விடுவேன்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

படம் இத்துடன் இருக்கிறது. இது ஒரே பிரதி. நீ பார்க்காமல் இந்தத் தடவை எதுவும் வெளியே போகாது.

அன்று நாற்பது நிமிடம் நீ நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாய். எடுத்த முப்பது படத்திலும் தீ அணைக்கப் போகிற மாதிரியே இருந்தாய். நான் அழாமல் இருந்ததுக்கு எனக்குத்தான் ஒரு மெடல் கொடுக்க வேண்டும். கடைசியில் பழக்கதோஷத்தில், "தாடையைக் கொஞ்சம் இடது பக்கம்" என்றேன். "யாரோட இடது?" என்று கேட்டாய். "உன்னோட இடதுக்கா" என்றேன். உன் உதடு ஒரு பக்கம் லேசாக அசைந்தது. அதுதான் இந்தப் படம்.

நீ கடைசி வரியை நிரப்பாமலேயே கிளம்பிப் போய்விட்டாய். அதனால் நான் எதையும் தொடவில்லை; படிவத்தை மட்டும் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விளம்பர அதிகாரிக்கு மாதிரியைக் கணினியில் காட்டினேன். "தழும்பு பத்தாதே, கொஞ்சம் கருப்பாக்குங்க" என்றார். "இருக்கிறதுதாங்க இருக்கும்" என்றேன். வேறு ஸ்டுடியோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போகட்டும். இந்தக் கையால் உன் தாடையில் இனி எதையும் எடுக்கவும் மாட்டேன், சேர்க்கவும் மாட்டேன்.

பதினேழு வருடமாக ஒன்றை வைத்திருந்தேன். அவருக்கு அனுப்பிய படத்துக்காக அன்று இரண்டு நெகட்டிவ் எடுத்தேன். ஒன்றில்தான் பென்சில் வைத்தேன். தொடாத இன்னொன்றிலிருந்து ஒரு பிரதி போட்டு இதே உறையில் வைத்திருக்கிறேன். அனுப்பியிருக்க வேண்டிய படம் இதுதான்.

தம்பி


ஏப்ரல் 19

டேய் சுண்டெலி,

படத்தை நேற்று மாட்டினார்கள். உன் படத்தைத்தான். இந்தப் படம் போகாவிட்டால் வேறு எதுவும் போகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தகடு மட்டும் சுவரில் ஏறவில்லை. அதை நான் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். விளம்பர அதிகாரி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ, இஞ்சி தின்ற குரங்கு தோற்றது.

திரையை விலக்கியதும் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கை தூக்கினாள். "மேடம், அது எந்தத் தீ விபத்துல?" என்றாள். வழக்கம்போலச் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். எரியும் கிடங்குக்குள் நுழைவது கூட இதைவிடச் சுலபம். "தீ விபத்து இல்லம்மா. என் தம்பி ஜியாமெட்ரி பாக்ஸால எறிஞ்சான். நீங்க எல்லாரும் வேற மாதிரி நினைச்சீங்க, நான் மறுக்கல. மறுத்திருக்கணும்" என்றேன்.

விழாவுக்கு வந்திருந்த துறை இயக்குநர் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இனி என்னவெல்லாம் வருமோ, வரட்டும். என்னோடு பதினாறு வருடமாக வண்டி ஓட்டுகிற டிரைவர் மட்டும், "அப்ப அந்தக் கிடங்குல இருந்து ரெண்டு பேரை இழுத்துட்டு வந்தது யாரு மேடம், உங்க தம்பியா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். வாய் வலிக்கவில்லை.

இப்போது உன் விஷயம். டப்பாவை எறிந்ததை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். பாவாடை காய்வதற்குள் மன்னித்துவிட்டேன், மண்டு. அந்தப் படத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அனுப்பாத பழைய படத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்திருக்கிறேன். அவர் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. தெரியாமலே போய்விட்டதே என்றுதான் வயிறு எரிகிறது. அதை உன் எதிரில் உட்கார்ந்து திட்டித் தீர்க்க வேண்டும். கடிதம் பத்தாது.

படிவம் இத்துடன் இருக்கிறது. கடைசி வரியில் 'வேண்டும்' என்பதை அடித்திருக்கிறேன். வேண்டாம்.

அன்று "நீ அழாதே" என்று சொன்னேன் இல்லையா? அது தப்பு. முப்பத்தொரு வருடமாக அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாய். நன்றாக அழுதுவிடு. அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. பசியோடு வா.

உன் அக்கா