ஒருக்கால்தான் கேப்பினம்

மனோர் பார்க்
3.2.1994

அன்புள்ள மகள் சிவகௌரிக்கு அம்மா எழுதுறது. நான் சுகம். நீயும் மருமகனும் என்ர பேத்தி துவாரகாவும் சுகமாய் இருக்க முருகன் துணை. ஃபோனில எனக்குக் காது சரியாய்க் கேக்காது, அதால எழுதுறன். ஐந்தாம் வகுப்போட நிண்ட கை. பிழை இருந்தால் பேத்தியிட்டைக் காட்டாதை.

இந்த வெள்ளைக்காரரின்ர முதியோர் இல்லத்துக்கு வந்து மூண்டு மாதம். அறை நல்ல சூடு. சாப்பாடுதான், சீனி வருத்தக்காரருக்கெண்டு அவிச்ச மீனும் அவிச்ச கரட்டும். அது பரவாயில்லை, நான் வாய்க்கு அடிமை இல்லை. ஆனால் இவையளுக்கு உபசாரம் தெரியாது, பிள்ளை. தட்டைக் கொண்டுவந்து "வேணுமோ" எண்டு கேப்பினம். நான் மரியாதைக்கு "நோ, தாங்க்யூ" எண்டுவன். உடன தட்டோட போயிடுவினம். திரும்பியும் பாக்கிறேல்ல! எங்கட படலைக்குத் தபால்காரன் வந்தாலும் மூண்டுதரம் கேட்டல்லோ தேத்தண்ணி குடுப்பம்? தேத்தண்ணியோட பிஸ்கட்டை மட்டும் கேக்காமலே வைப்பினம். அதைச் சாப்பிடுறன்.

துவாரகா சோதினைக்கு நல்லாய்ப் படிக்கட்டும். டொக்டராய் வருவாள் எண்டு இஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.

அம்மா
தவநாயகி

*

ஸ்ட்ரெதம்
7.2.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

இண்டைக்கு உங்கட இல்லத்துப் பொறுப்பாளர் மிஸிஸ் ஹார்ப்பர் என்ர வேலையிடத்துக்கு ஃபோன் எடுத்தா. மூண்டு மாதத்தில ஒரு ஸ்டோன், பதினாலு றாத்தல், மெலிஞ்சிட்டியளாம். மூண்டு நேரமும் சாப்பாட்டை மறுக்கிறா எண்டு ஒவ்வொரு நாளும் கொப்பியில எழுதியிருக்கினமாம். பதினேழாம் திகதி மத்தியானம் டொக்டரும் சாப்பாட்டு ஆலோசகரும் வந்து பக்கத்தில நிண்டு பாப்பினம். அண்டைக்கும் சாப்பிடாட்டி, கடற்கரைப் பக்கம் இருக்கிற நேர்சிங் ஹோமுக்கு மாத்திப்போடுவினம். ரெயினில ரெண்டரை மணித்தியாலம். அங்க தேவையெண்டால் மூக்கால குழாய் விடுவினமாம்.

ஒண்டு மட்டும் சொல்லுங்கோ அம்மா. இது என்னில உள்ள கோவமோ? என்னைக் குற்றவாளி ஆக்கத்தான் பட்டினி கிடக்கிறியளோ? காலமை ஒரு ஷிப்ட், பின்னேரம் ஒரு ஷிப்ட். கோயிலுக்குப் போனால் "தாயைக் கொண்டுபோய் விட்டிட்டியாம்" எண்டு கேக்கினம். இதுக்கு மேல எனக்கு ஏலாது.

சிவகௌரி

*

மனோர் பார்க்
9.2.1994

மகளுக்கு,

பட்டினி கிடக்கிறதெண்டால் சொல்லிப்போட்டுக் கிடப்பன். ஒளிச்சுச் செய்யிற பழக்கம் எனக்கில்லை.

இஞ்ச கூட்டித் துடைக்கிற மன்னார்ப் பிள்ளை அஞ்சலீனாவைப் பிடிச்சு அந்தக் கொப்பியை வாசிப்பிச்சன். பக்கம் பக்கமாய் மறுத்தா, மறுத்தா. அவளுக்குச் சிரிப்பு.

"அம்மா, இவையள் ஒருக்கால்தான் கேப்பினம். ரெண்டாந்தரம் கேட்டால் அது ஆளை வற்புறுத்துற ஆக்கினையாம். நீங்கள் என்ன, சம்பந்தம் பேச வந்தவை மாதிரி வெக்கப்பட்டுக்கொண்டு இருக்கிறியள்?"

"எடியே, கேட்ட உடன கை நீட்டுற குடும்பத்தில நான் பிறக்கேல்ல" எண்டன்.

"அப்ப குழாய்தான்" எண்டுபோட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போயிட்டாள்.

கோவம் எண்டு கேட்டாய். சொல்லுறன். துவாரகாவுக்குப் படிக்க அறை இல்லையெண்டு நீயும் மருமகனும் கதைச்சது எனக்குக் கேட்டது. அதுக்குமட்டும் காது கேட்டது. "நான் இல்லத்துக்குப் போறன்" எண்டன். நீ "வேண்டாம் அம்மா" எண்டாய், ஒருக்கால். ரெண்டாந்தரமும் சொல்லுவாய் எண்டு குசினி வாசலில நிண்டன். அடுத்த நாள் நீ இல்லத்தில சேர்க்கிற கவுன்சில் ஃபோமோட வந்தாய்.

நீயும் இவையளிட்டைப் பழகிப்போனாய் எண்டு நினைச்சன். வேற ஒண்டும் இல்லை.

தவநாயகி

*

ஸ்ட்ரெதம்
11.2.1994

அம்மா,

உங்கட கடிதத்தை பஸ்ஸில வாசிச்சு, இறங்கிற இடத்தையும் விட்டிட்டன். நீங்கள் விரும்பித்தான் போறியள் எண்டு நினைச்சன். இல்லை, அப்பிடி நினைக்கிறது எனக்குச் சுகமாய் இருந்தது.

பதினேழாம் திகதி எனக்கு லீவு தரமாட்டினம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், தட்டு வந்த உடன முதல்தரமே "யெஸ், ப்ளீஸ்" எண்டு சொல்லுங்கோ. அது பிச்சை இல்லை அம்மா, இஞ்சத்தை முறை. கடற்கரைக்குக் கொண்டுபோனால் மாதத்தில ஒருக்காலும் என்னால வர ஏலாது.

எல்லாம் முடிய, திரும்பி வீட்டை வாறியளோ அம்மா?

கௌரி

*

மனோர் பார்க்
18.2.1994

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்று மூண்டு பேர் பேனையோட நிண்டினம். தட்டு வந்தது. கேட்டினம். "நோ" எண்ட சொல்லு நாக்கு நுனிக்கு வந்திட்டுது. மிஸிஸ் ஹார்ப்பர் பேனையைக் கொப்பியில வைச்சிட்டா. "யெஸ், ப்ளீஸ்" எண்டன். காது ரெண்டும் நெருப்பாய் எரிஞ்சுது. மீன், கரட், உருளைக்கிழங்கு, ஒண்டும் மிச்சம் விடேல்ல. கதவடியில நிண்ட அஞ்சலீனா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள், குரங்கு.

பிறகு ஆலோசகர் பெட்டை பக்கத்தில இருந்து என்ன விருப்பம் எண்டு கேட்டாள். பருப்பும் கீரையும் எண்டன். அது சீனி வருத்தத்துக்கு நல்லதாம், கிழமையில ரெண்டு நாள் தரச் சொல்லி எழுதினாள். என்னை மாத்தேல்ல.

நீ கேட்டதுக்கும் முதல்தரமே மறுமொழி சொல்லுறன். ஓம், பிள்ளை. வாறன். எப்ப கூட்டிக்கொண்டு போக வருவாய் எண்டு எழுது. உடுப்பெல்லாம் மடிச்சு வைச்சிட்டன்.

அம்மா

*

மனோர் பார்க்
12.3.1994

அன்புள்ள மகள் சிவகௌரிக்கு,

மூண்டு கிழமையாய் உன்ர தபால் இல்லை. சுகயீனமோ எண்டு பயந்து, அஞ்சலீனாவைக் கொண்டு வீட்டுக்கு ஃபோன் எடுப்பிச்சன். துவாரகாதான் எடுத்தாளாம். எல்லாரும் சுகமாம், நான் இருந்த அறையில புது மேசை போட்டிருக்காம், சோதினை வரைக்கும் படிக்க அது போதுமாம். நல்ல விஷயம்.

இருந்து யோசிச்சுப் பாத்தன். நீ என்னை எங்கட முறையிலதான், ஒரு உபசாரத்துக்குக் கேட்டிருக்கிறாய். தாயை அப்பிடிக் கேக்கிறதுதானே மரியாதை. நான் "வேண்டாம் பிள்ளை" எண்டு சொல்லவேண்டிய இடம் அது. இஞ்ச பழகி, முறை மறந்து "ஓம்" எண்டுபோட்டன். நீ என்ன எழுதுறது எண்டு தெரியாமல் தவிச்சிருப்பாய்.

இப்ப சொல்லுறன். வேண்டாம், பிள்ளை. எனக்கு இஞ்ச ஒரு குறையும் இல்லை. நிறையும் நாலு றாத்தல் கூடியிருக்கு. மடிச்ச உடுப்பைத் திரும்ப அலுமாரியில வைச்சிட்டன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் இஞ்ச ஆக்கள் பாக்க வாற நேரம். நான் எங்கையும் போறேல்ல.

அம்மா