பந்துக்கு வைத்த பொட்டு

ரிஷிவந்தியம்

அண்ணா, எழுதுவது சுபஸ்ரீ. நீ போனை எடுக்காததால், அம்மா சொல்லச் சொல்லப் கால்பந்து தைக்கும் நம் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதையும் மறைக்காமல், திட்டியதைத் திட்டியபடியே உண்மையாக எழுதுவேன். இனி அம்மா பேசுவது.

அன்பு மகன் தமிழழகனுக்கு, உடம்புக்கு எங்களுக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. பந்துக் கம்பெனி வேலைக்கென்று நீ போன ஜலந்தரில் குளிர் தொடங்கியிருக்கும், நீ சுகமாக இருக்க வேண்டும். அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருக்கிறார், செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும், நம் கொட்டகையில் என்னோடு பந்து தைக்கிற சின்னப்பொண்ணை ஏண்டா வேலையை விட்டு நிறுத்தினாய்? ஆயுத பூஜையன்று ஊசி, கத்தரிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தோம். வெளிநாட்டுக்குப் போகத் தைத்து அடுக்கியிருந்த வெள்ளைப் பந்துகளை மட்டும் ஏன் விட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தது நான். தட்டைப் பிடித்திருந்த அவள், "யக்கா, இது நம்ம பொருளு இல்லியே, கம்பெனிக்காரன் இன்னா சொல்லுவானோ" என்றாள். "எம்புள்ளதாண்டி அங்க கீறான், நீ தட்டப் புடி" என்று அதட்டியதும் நான். சுபா அனுப்பிய போட்டோவைப் பார்த்து "சூப்பர்மா" என்று பதில் போட்டாயே, அன்றைக்கு உன் கண் எங்கே போயிருந்தது? கறை போகவில்லை என்று கம்பெனி அத்தனை பந்தையும் கழித்ததும், பொட்டு வைத்தவள் உன் அம்மா என்பதால் தட்டைப் பிடித்தவளைக் காட்டிக் கொடுத்தாயா? வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள்டா அவள். புருஷன் கேரளாவுக்குப் போய்த் திரும்பவில்லை, இரண்டு பிள்ளைகளும் இந்த ஊசியை நம்பித்தான் இருக்கிறார்கள். நேற்று தன் சாமானை எடுக்க வந்தாள். "உம்புள்ள இன்னாக்கா பண்ணுவான், எல்லாம் என் கெட்ட நேரம்" என்றாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் போனதும் அழுதேன். (இதை எழுதாதே என்கிறார் அம்மா. உண்மை என்பதால் எழுதிவிட்டேன்.) உன் மேனேஜரிடம் "எங்கம்மா வெச்சாங்க" என்று சொல்ல வாய் வரவில்லையா? வேலை போனால் வா, இங்கே கரும்பு வெட்டு. அவளைத் திரும்பக் கூப்பிடும்வரை இந்தக் கொட்டகையில் ஒரு பந்தும் தைக்க மாட்டோம். "பெரிய ஆர்டர் நிக்குதுக்கா, உம்புள்ள பேருதான கெடும்" என்றாள் கூடத் தைக்கிற அருள்மொழி. "கெடட்டும்டி, அவ பேரு கெட்டப்ப எவ கேட்டீங்க" என்றேன். அதற்கப்புறம் ஒருத்தியும் ஊசியைத் தொடவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, வெளியே போகும்போது காதைக் கட்டிக்கொள். சாமி உனக்கு நீண்ட ஆயுசையும், பயப்படாமல் உண்மை பேசும் வாயையும் கொடுக்கட்டும். முதலில் மேனேஜரிடம் சொல், பிறகு சின்னப்பொண்ணுக்குப் போன் போடு, கடைசியாக எனக்குப் பேசு. மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
குஞ்சம்மாள்

அண்ணா, கையெழுத்தை அம்மாவே போட்டார். இந்த வரியை வாசலில் நின்று எழுதுகிறேன். தைக்கிற அக்காமார் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அம்மா கொட்டகை விளக்குகளை அணைத்துவிட்டார்.